மூன்றாம் ஓலைக்கு முன்

என் மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்கித்தான் இத்தனை நாளும் உனக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். இன்றைக்கும் அந்த வரியை எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நான் சுகமாக இல்லை. போன வியாழக்கிழமையிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. விடிய ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கிறேன், ரப்பர் பால் வெட்டுகிறேன், வந்து சோறு பொங்குகிறேன், ஆனால் மரத்தில் கத்தியை வைத்தால் அது எங்கே போகிறது என்று தெரியவில்லை. கங்காணி இரண்டு தரம் பார்த்துவிட்டு, "என்னக்கா, மகன் கல்யாண நெனப்பா? பட்டைய இம்புட்டு ஆழமா வெட்டுறீங்க, தொரை பாத்தா என்னையத்தான் ஏசுவாரு" என்றான். ஆமாம் என்று சிரித்து வைத்தேன். சிரிப்பு என் முகத்தில் எப்படி வந்ததோ எனக்கே தெரியவில்லை.

நம் லயத்து வீடுகளில் இருக்கிற பெண்கள் கடிதம் எழுத வேண்டுமானால் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியிடம் போய் நின்று வாயால் சொல்லி எழுதிக்கொள்வார்கள். நான் ஊரில் கன்னியாஸ்திரீகளிடம் நாலு வருசம் படித்தவள் என்பதால் எனக்கு அந்த அவசியம் இல்லை. அதைப் பெருமையாக நினைத்திருந்தேன். இப்போது அது பெரிய உபகாரமாகத் தெரிகிறது, ஏனென்றால் இதைக் கிராணியிடம் மட்டுமில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம்கூட என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. நீ தனியாக உட்கார்ந்து படி. முழுக்கப் படி. பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே, உனக்கு நான் வைத்திருக்கிற கெடு கடைசியில்தான் இருக்கிறது.

அந்த வியாழக்கிழமை நான் ஈப்போவுக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. நீ கட்டப்போகிற ஞானத்துக்குக் கூறைப் புடவை எடுக்கக் கிராணியிடம் ஒரு நாள் லீவு கேட்டு வந்தேன். அரக்குச் சிவப்பில், சின்னக் கரை போட்ட புடவை. செம்மோரில் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனபோது அவள் ஒரே ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாளே, அந்த முகத்துக்கு இந்த நிறம் எடுக்கும் என்று கடையில் நின்று நானே சொல்லிக்கொண்டேன். திரும்பிப் போக எப்போதும்போல ரயிலுக்குத்தான் நடந்தேன். பாதி வழியில் எனக்கு ஒரு விளையாட்டுப் புத்தி வந்தது. நீ மோட்டார் பஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது, நான் ஒரு நாள்கூட உன் வண்டியில் ஏறினதில்லை. பின்படியில் நின்று ஆள் ஏற்றுகிற என் மகனை, காக்கிச் சட்டையும் தோல் பையுமாக, அவனுக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும் என்று ஆசை. பூசைக்குப் போகிற மாதிரி முந்தானையை இழுத்து மூக்கு வரைக்கும் முக்காடு போட்டுக்கொண்டேன். தூறலும் இருந்தது, யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள். நீ வந்து "எங்க போறீங்க அக்கா?" என்று கேட்பாய், நான் முக்காட்டை விலக்கி "உன் கல்யாணத்துக்குத்தான்டா போறேன்" என்று சொல்லுவேன், நீ பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாய். இந்த வயதில் எனக்கு இதுதான் விளையாட்டு.

பாசார் பக்கத்தில் வண்டிக்காக ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். எல்லாரும் தோட்டத்து ஆட்கள்தான். என் பக்கத்தில் நின்றவள் என் கையிலிருந்த துணி மூட்டையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த வண்டிக்குப் புதுசா? ஏறுறப்ப மூட்டைய முதுகுப்பக்கம் வச்சிக்கிங்க" என்றாள். முடிச்சு அவிழ்ப்பவன் எவனோ இருக்கிறான்போல என்று நினைத்து மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வண்டி வந்தது. நீ தொங்கிக்கொண்டே வந்து குதித்தாய். "லெகாஸ், லெகாஸ்! சீக்கிரம் ஏறுங்க, உள்ள போங்க!" என்று நீ கத்தினபோது, மாதா சாட்சியாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. உன் அப்பாவின் குரல் அப்படியே இருந்தது. அவர் உயிரோடு இருந்து கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியில் கால் வைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் முதுகில் பட்டது. சரி, ஏற்றிவிடுகிறார்கள் என்று நினைத்தேன். அந்தக் கை முதுகில் நிற்கவில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன், உனக்கே தெரியும். எவனோ குடித்துவிட்டு வந்தவன் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மகன் நிற்கிற வண்டியிலேயே ஒருத்தனுக்கு இவ்வளவு துணிச்சலா, கூப்பிட்டுச் சொல்லுவோம் என்று வாயைத் திறந்தபடி கீழே பார்த்தேன். அந்தக் கையில் கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே வெள்ளையாகத் தோல் சுருங்கின தழும்பு இருந்தது. உனக்குப் பன்னிரண்டு வயதில், பாலை உறைய வைக்கிற திராவகம் ஸ்டோரில் உன் கையில் கொட்டி, நான் உன்னைத் தூக்கிக்கொண்டு மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் வீடு வரைக்கும் ஓடினேனே, அந்தத் தழும்பு. இருபத்தொரு நாள் அதற்கு எண்ணெய் போட்டவள் நான்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். நீ என்னை உள்ளே தள்ளிவிட்டு எனக்குப் பின்னால் வந்தவளைத் தொட்டாய். வண்டியின் குலுக்கலில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, முக்காட்டுக்குள் மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன். நீ டிக்கெட்டுக்கு வந்தபோது தலை நிமிராமல் காசை நீட்டினேன், நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பொய்யாக இருக்க வேண்டும், நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன், நெரிசலில் கை தவறிப் பட்டிருக்கும் என்று உனக்காக எனக்குள்ளேயே வக்காலத்து வாங்கினேன். அதனால்தான் பார்த்தேன். செம்மோர் வரைக்கும் ஒவ்வொரு நிறுத்தமாகப் பார்த்தேன். ஆம்பிளைகள் ஏறும்போது உன் கை உன் பையில் இருந்தது. பெண்கள் ஏறும்போதுதான் அதற்கு வேலை வந்தது. ஒருத்தி கூடையை முதுகுக்கு வைத்து ஏறினாள். ஒருத்தி குடையைப் பின்னால் குறுக்கே பிடித்துக்கொண்டாள். ஒரு சீனத்தி சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய் டிரைவர் பக்கத்தில் ஏறினாள். மூட்டையை முதுகுப்பக்கம் வை என்று அந்தப் பெண் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ரோட்டில் போகிற பெண்களுக்கெல்லாம் உன்னைத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

பதினேழு பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, பச்சைச் சேலை, உன்னைத் திரும்பிப் பார்த்து, "கைய எடுங்கண்ணே" என்றாள். அண்ணே என்று கூப்பிட்டாள். கெஞ்சுகிற குரல்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். நீ படியில் நின்றிருந்த உன் சிநேகிதனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "கூட்டம்னா அப்படித்தான் இருக்கும்லா. முடியாட்டி நடந்து போங்க" என்றாய். வண்டியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது. அந்த வார்த்தையைக் கேட்டதும் பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டேன், வண்டி குலுங்கினதில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் மடியிலேயே சாய்ந்துவிட்டேன். அந்த வார்த்தையை நீ எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் யார் மடியில் சாய்ந்தேனோ அவள்தான் பாசாரில் எனக்குப் புத்தி சொன்னவள். இடம் விட்டு என்னை உட்கார வைத்து, "ஒங்களையும் தொட்டுட்டானா? வயசுகூடப் பாக்க மாட்டேங்கிறான், எடுபட்டவன்" என்று என் முதுகைத் தடவினாள். பிறகு, "இவனையும் ஒருத்தி பெத்துத்தானே விட்டிருப்பா? என்னாத்தச் சொல்லி வளத்தாளோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, என்னிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாரு பெத்த புள்ளையோ" என்றேன். இருபத்திரண்டு வருசத்தில் உன்னை என் பிள்ளை இல்லை என்று சொன்னது அந்த ஒரு தரம்தான். நம் சுங்கை சிப்புட்டுக்கு முந்தின நிறுத்தத்தில் நீ கூரைமேல் ஏறி வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தாய், அந்தச் சமயம் பார்த்து இறங்கி, மிச்சத்தூரத்தை மழையில் நடந்தே வந்தேன். கூறைப் புடவை நனைந்துவிட்டது. இன்னும் பிரிக்கவில்லை.

இனி அந்த வார்த்தைக்கு வருகிறேன். நாம் நாகப்பட்டணத்தில் கப்பல் ஏறி வந்தபோது உனக்கு ஆறு வயது. பிறை ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பில் ஆடு மாடு மாதிரி அடைத்திருந்தார்கள். உன் அப்பா பெட்டி படுக்கையோடு கதவோரம் மாட்டிக்கொண்டார், நானும் நீயும் நடுவில் நின்றோம். எனக்குப் பின்னால் நின்ற ஒருவன், தலைப்பாகையும் கடுக்கனுமாகப் பெரிய மனுசன் தோரணை, தைப்பிங் வரைக்கும் என்னை விடவில்லை. எனக்கு இருபத்து மூன்று வயது, தேசம் புதுசு, கத்தினால் என் புருசன் அவனோடு அடிதடிக்குப் போய் ஜெயிலுக்குப் போவாரோ என்று பயம். எனக்குத் தோன்றினது ஒன்றுதான். உன்னைத் தூக்கி என் முதுகுப்பக்கம் நிறுத்தி, "அம்மா முந்தானையப் பிடிச்சிக்கிட்டு இங்கனயே நில்லு ராசா, யாரு தள்ளுனாலும் நகராத" என்றேன். நீ நின்றாய். இரண்டு காலையும் அகற்றி வைத்துக்கொண்டு, போலீஸ்காரன் மாதிரி. அன்றைக்கு நீதான் எனக்கு வேலி.

அதற்குப் பிறகு கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எங்கே ரயிலில் போனாலும் உன்னை அப்படித்தான் நிறுத்தினேன். நீ அதை ஒரு விளையாட்டு என்று நினைத்தாய். "அம்மாவுக்குக் காவல்" என்று பேர்கூட வைத்திருந்தாய். ஒரு தரம் கோலா கங்சாரிலிருந்து வரும்போது நீ ஓவென்று அழுதாய். உன் கையைப் பார்த்தால் நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. நீ நகர வேண்டும் என்று எவனோ கிள்ளியிருக்கிறான். "அம்மா, அவரு ஏம்மா என்னையக் கிள்ளுனாரு?" என்று கேட்டாய். நான் உன்னை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல ராசா, கூட்டம்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

பார்த்தாயா, நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆளைக் காட்டி, அம்மாவைத் தொடுவதற்காகத்தான் உன்னைக் கிள்ளினான், அது பாவம், நீ அப்படி ஆகக்கூடாது என்று ஆறு வயதில் சொல்ல முடியாவிட்டாலும் பன்னிரண்டு வயதிலாவது சொல்லியிருக்கலாம். பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று கூச்சப்பட்டேன். உனக்கு மீசை அரும்பினபோது உன் அப்பா இல்லை, காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பூசைக்குப் போ, பொய் சொல்லாதே, கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று எல்லாம் சொன்னேன். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நம் பக்கத்து வீட்டு அஞ்சலை ஒரு நாள் ரயிலிலிருந்து இறங்கி நேரே என்னிடம் ஓடி வந்தாள், உனக்கு நினைவிருக்கும், நீ அடுப்படியில் கப்பைக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாய். ரவிக்கை தோளில் கிழிந்திருந்தது. அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். எனக்கு நடந்ததுதான் அவளுக்கும் நடந்திருந்தது. அதைச் சொல்லி அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டியவள் நான். அதை விட்டுவிட்டு, "நீ ஏன்டி கூட்டத்துல போயி நின்ன? ஓரமா நிக்கத் தெரியாதா?" என்று கேட்டேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் அவள் வரவே இல்லை. அன்றைக்கு அடுப்படியில் இருந்த உன் காதில் என்ன விழுந்திருக்கும் என்று இந்த ஐந்து நாளாக யோசிக்கிறேன். தப்பு நிற்கிறவள்மேல்தான், தொடுகிறவன்மேல் இல்லை என்று பெற்றவள் வாயாலேயே கேட்டிருக்கிறாய்.

இதையெல்லாம் எழுதுவதால் பழியை நான் சுமந்துகொண்டு உன்னை விட்டுவிடுகிறேன் என்று நினைக்காதே. என் தப்பு என்னோடு. உனக்குக் கண் இருக்கிறது, அந்தப் பச்சைச் சேலைப் பெண்ணின் முகம் உனக்கும் தெரிந்தது. முதலாளி தவுக்கே வண்டியை நிரப்பச் சொல்கிறார், தள்ளாவிட்டால் ஆள் ஏறாது, என் வேலையே தள்ளுவதுதான் என்று நீ சொல்லுவாய். தள்ளுகிற கை எது, தடவுகிற கை எது என்று தெரியாத பெண் இந்த உலகத்தில் இல்லை. எட்டு வயதில் எங்களுக்குத் தெரிந்துவிடும். ஐம்பது வயதிலும் மறக்காது. வேடிக்கைக்குச் செய்தேன் என்பாய். அதுதான் என்னைக் குலைக்கிறது. உன் முகத்தில் ஒரு கெட்டவனின் முகத்தைத் தேடினேன். அது இல்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் மீன் குழம்பு கேட்கிற அதே முகம்தான் சிரித்துக்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உனக்கும் ஞானத்துக்கும் கல்யாண அறிவிப்பாக இரண்டாம் ஓலை வாசித்தார்கள். உனக்கு வண்டி, அதனால் நீ வரவில்லை. சுவாமியார் உன் பேரையும் உன் அப்பா பேரையும் சொல்லி, அவள் பேரையும் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்ல வேண்டும் என்று கேட்டார். முதல் ஓலையில் இதே கேள்விக்கு நான் புன்சிரிப்போடு சுற்றிப் பார்த்தேன், என் பிள்ளைமேல் யாராவது குறை சொல்லிவிடுவார்களா என்று. இந்தத் தரம் பெண்கள் பக்கத்தில் எனக்கு முந்தின பெஞ்சில் ஞானம் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்துப் பின்புறம் வெட்கத்தில் சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை. பூசை முடிந்து அவள் அம்மா என்னிடம் வந்து, "சம்பந்தி, ஒங்க மகன் வண்டியிலதான் எங்க தோட்டத்துப் புள்ளைங்கல்லாம் போகுதுங்க. நம்ம மாப்பிள்ளை இருக்காருன்னு எனக்கு ஒரு தைரியம்லா" என்றாள். நான் தலையாட்டினேன். ஞானம் உன் வண்டியில் இதுவரை ஏறினதில்லை, நிச்சயமான பெண் மாப்பிள்ளை வண்டியில் ஏறக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அதனால்தான் அவளுக்கு மட்டும் உன்னைத் தெரியாது.

சுவாமியார் கேட்கிற தடைகள் எவை என்று எனக்குத் தெரியும். நெருங்கின உறவாக இருக்கக்கூடாது, முன்னமே கட்டினவளோ கட்டினவனோ இருக்கக்கூடாது. கையைப் பற்றி அதில் ஒன்றும் கிடையாது. நான் எழுந்து சொன்னால் சுவாமியார் என்னைப் பைத்தியம் என்றுகூட நினைக்கலாம். ஆம்பிளைகள் பக்கம் சிரிப்பார்கள். நீ வேலை செய்கிற ஊர், நான் வாழ்கிற லயம், இரண்டு இடத்திலும் நமக்குத் தலை நிமிர முடியாது. உன்னை நான் இழந்துவிடுவேன். எல்லாம் யோசித்துவிட்டேன். ஆனாலும் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, அந்த ரோட்டில் போகிற பெண்கள் எல்லாருக்கும் தெரிந்ததை அவளுக்கு மட்டும் மறைத்து, உன் கையில் அவள் கையைப் பிடித்துக் கொடுக்க என்னால் முடியாது. அஞ்சலைக்குச் செய்ததை இன்னொரு தரம் செய்ய மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. அதற்கு முன்னால் சனிக்கிழமை நீ லீவு போட்டுவிட்டு வா. நாம் இரண்டு பேரும் செம்மோருக்குப் போவோம். ஞானத்திடமும் அவள் அம்மாவிடமும் நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவள் வேண்டாம் என்றால் அதுதான் முடிவு, நீ கெஞ்சக்கூடாது. யோசித்துச் சொல்கிறேன் என்றால் எத்தனை மாதமானாலும் காத்திருக்க வேண்டும். கல்யாணம் நடக்கிறதோ இல்லையோ, அந்தப் பின்படியில் நீ இனிமேல் நிற்கிற ஒவ்வொரு நாளும் உன் கை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் கேட்கும்போது நான் எழுந்து நிற்பேன். என்னை உனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் செய்துவிடுவேன்.

உன்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. வெறுக்க முடிந்திருந்தால் இந்த ஐந்து நாளில் ஒரு நாளாவது நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். உன் கையில் எண்ணெய் போட்ட இருபத்தொரு நாளும், இந்தக் கை நன்றாக வர வேண்டும் என்று மாதாவிடம் கேட்டவள் நான். இப்போதும் அதைத்தான் கேட்கிறேன்.

எது எப்படி ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வண்டிக்கு நான் சுங்கை சிப்புட்டில் நிற்பேன். கோயிலுக்கு உன் வண்டியில்தான் வருவேன். முக்காடு போட மாட்டேன். நீ படியிலேயே நில். கை கொடுக்காதே. நானே ஏறிக்கொள்கிறேன்.

உன் அம்மா